வெயிலுகந்தாளின் வலது கண்ணுக்கு மதிப்பு போட்ட கதை

வெயிலுகந்தாளுக்கு உப்போடை ஊர் செய்த அநியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் கண்ணைப் பற்றித்தான் சொல்வார்கள், அநியாயத்தைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். பத்தொன்பது வயதில், ஆவுடை விலாஸ் சோடா கம்பெனியில், கையிலிருந்த பாட்டில் வெடித்து அவளுடைய வலது கண் போனது. அது விபத்து, அதை அநியாயம் என்று அவளே ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் கம்பெனியில் கம்பிவலை முகமூடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அவள் அன்றைக்கு மூன்று தரம் கேட்டாள், மூன்று தரமும் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும், அவள் முகத்தில் பட்டதை எடுத்து மறுபடி இன்னொருவர் முகத்தில் மாட்ட முடியாது. இதுவும் பாதிதான். மீதி என்னவென்றால், விசாரிக்க வந்த ஆபீசரிடம் கம்பெனியில் "முகமூடி குடுத்தோம், இவதான் போடமாட்டேன்னுட்டா" என்று சொன்னதும், அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டதும், எழுதினதை ஊர் நம்பினதும், நம்பினதற்குத் தோதாக "புது மூக்குத்தி மறைஞ்சிருமாம்ல, அதான்" என்று ஒரு காரணத்தையும் ஊரே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்துக் கொடுத்ததும்.

மூக்குத்தி புதுசுதான். அத்தை மகனுக்குப் பரிசம் போட்டிருந்தார்கள். அவர்கள் வந்து, கண் போனதைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமில்லை, சொல் பேச்சுக் கேட்காத பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லி, கொண்டுவந்த வெற்றிலைத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

கோலி சோடா போடும் மிஷினில் பாட்டில்களை ஜோடி ஜோடியாகத்தான் வைப்பார்கள். ஒருவர் பாட்டிலைச் சட்டத்தில் பொருத்தி, நிரம்பினதும் எடுப்பார். இன்னொருவர் ஓர் ஆள் நீளம் தள்ளி நின்று சக்கரத்தைச் சுற்றுவார். சுற்றச் சுற்ற கேஸ் ஏறி, உள்ளே கிடக்கும் கோலி எழும்பிக் கழுத்து ரப்பரில் அடைத்துக்கொள்ளும். வெடித்தால், வைத்து எடுப்பவர் முகத்தில்தான் வெடிக்கும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆவுடை விலாஸில் வைத்து எடுத்தவள் வெயிலுகந்தாள், தள்ளி நின்று சுற்றினவர் சங்கிலிமுத்து, முகமூடி சங்கிலிமுத்துவின் முகத்தில் இருந்தது.

ஜோடியில் ஒரு பாட்டில் வெடித்தது, மற்றது நின்றது. மதுரையில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ள கண்ணாடித் தூளும் இல்ல, கண்ணும் இல்லம்மா, துடைச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றார். கம்பெனியில், வெடிக்காமல் நின்ற பாட்டிலில், காலையில் பச்சையாக இருந்த கோலி வெள்ளையாகவும் நடுவில் பழுப்பு வட்டமாகவும் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் வட்டம் சுருங்கியது, நிழலில் பிடித்தால் விரிந்தது. முதலாளி ஆவுடையப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கலர் மாறிப்போச்சு, விக்காது" என்று சொல்லிக் கழிவுப் பெட்டியில் போட்டார். ஒரு பெண்ணின் கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் சொன்ன வார்த்தை அவ்வளவுதான்.

கட்டு அவிழ்த்த அன்றே வெயிலுகந்தாள் சொல்லிவிட்டாள், வலது பக்கம் இருட்டாக இல்லை, தண்ணீராக இருக்கிறது, குமிழ் குமிழாக மேலே போகிறது, தண்ணீருக்கு அந்தாண்டை கம்பெனிச் சுவர் தெரிகிறது, சுவரில் பல்லி இருக்கிறது என்று. ஊர் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. "பல்லி எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்று கேட்டவர்கள்தான் உண்டு, பலன் பார்ப்பதற்காக.

அவள் தீப்பெட்டி ஒட்டப் போனாள். இடது கண்ணால் தீப்பெட்டியைப் பார்த்து ஒட்டிக்கொண்டே வலது கண்ணால் கம்பெனியைப் பார்த்தாள். பெட்டிகள் ஏறி இறங்குவதை, சங்கிலிமுத்து முகமூடியை மாட்டுவதை, கழற்றி ஆணியில் தொங்கவிடுவதை, புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் அதைப் பார்த்தும் கேட்காமல் இருப்பதை, வருஷக்கணக்காகப் பார்த்தாள். காதில்லாத கண் அது, பேச்சு ஒன்றும் கேட்காது. பிறகு ஊருக்குள் பிளாஸ்டிக் பாட்டிலில் கலர் வந்து, ஆவுடை விலாஸை மூடி, கழிவுப் பெட்டியை ஸ்டோர் ரூமுக்குள் தள்ளிப் பூட்டினார்கள். அதற்குப் பின் பதினோரு வருஷம் அவளுக்கு வலது பக்கம் இருட்டு, தண்ணீரும் வற்றிப்போன வெறும் இருட்டு, அந்தப் பதினோரு வருஷமும் அவள் வலது பக்கமாகத் திரும்பிப் படுக்கவே இல்லை.

முதலாளி செத்தபின் மகன் குற்றாலிங்கம் ஸ்டோர் ரூமைத் திறந்தார். அவருக்கு அப்போது பழைய சோடா பாட்டில் பித்துப் பிடித்திருந்தது. ஊர் ஊராகப் போய், அப்பா பெயர் போட்ட பாட்டில் என்றால் என்ன விலை கேட்டாலும் கொடுத்து வாங்கி, மாடி ஹாலில் தேக்குக் கண்ணாடி பீரோவில் முந்நூற்றுச் சொச்சம் பாட்டில்களை நிறுத்தியிருந்தார்: கறுப்பு, ஊதா, தேன்கலர், கழுத்தில் இரண்டு குழி உள்ளது, நான்கு குழி உள்ளது, பெயரில் எழுத்து விட்டுப்போனது என்று. அந்த வரிசையில், நடுத்தட்டில், கண்ணையும் கழுவி வைத்தார். எதிர்ச் சுவரில் அந்தக் கம்பிவலை முகமூடியைச் சட்டம் போட்டு மாட்டி, கீழே "தொழிலாளர் நலனில் அக்கறை" என்று ஒரு அட்டையும் ஒட்டியிருந்தார். இருட்டு விலகின அன்று காலை வெயிலுகந்தாள் முதலில் பார்த்தது அதைத்தான்.

அதற்கப்புறம் ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. தீப்பெட்டி ஆபீசில் காலையில் எல்லாரும் உட்கார்ந்ததும், அடுத்த தெரு மூக்கம்மா தொடங்குவாள்.

"ஏ வெயிலு, பெரிய வீட்டுல இன்னைக்கு என்ன?"

"ஹால்ல வச்சுத்தான் தின்னாக. இட்லி."

"தொட்டுக்கிட?"

"சிவப்பா இருந்துச்சு. தக்காளியா மிளகாயான்னு கண்ணுக்கு எப்படித் தெரியும்? போய் நக்கிப் பாத்துட்டு வா."

சர்க்கரை வியாதிக்காரப் புருஷனுக்குத் தெரியாமல் குற்றாலிங்கத்தின் மனைவி தெய்வானை பீரோவுக்குப் பின்னால் அல்வாவை ஒளித்து வைப்பது இப்படித்தான் ஊருக்குத் தெரிந்து, ஊரிலிருந்து புருஷனுக்கும் தெரிந்தது. தெய்வானை கோபப்பட்டு பீரோவுக்குத் திரை போட்டாள். மூன்றாம் நாள் பார்த்தால், காலியாக இருந்த பாட்டிலில் இரண்டு விரற்கடை தண்ணீர் நின்றது. நாலாம் நாள் கழுத்துவரை வந்து, கோலி மிதந்து, வழிந்து, தேக்கில் வட்டம் வட்டமாகக் கறை விழுந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவள், உப்பு என்று தெரிந்ததும் ஒன்றும் பேசாமல் திரையைக் கழற்றினாள். அன்றிலிருந்து காலையில் விளக்கேற்றும்போது பீரோவைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது, அது கேட்காது என்று தெரிந்தும்.

ஊர் அந்தக் கண்ணை எப்படியெல்லாம் பழக்கிக்கொண்டது என்று சொல்லப் போனால் நீளும். பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள். அது இமைக்காமல் பார்த்தால் காரியம் கூடும் என்று ஒரு நம்பிக்கை வந்தது, அதற்கு இமையே கிடையாது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு வெயிலுகந்தாள் மனு கொடுத்தபோது, அந்த ஆபீசில் இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நியாயமாகத்தான் பேசினார். "கண்ணு இல்லைன்னா தரலாம்மா. உங்களுக்குக் கண்ணு இருக்கு, தெரியவும் தெரியுது, வேற வீட்டுல இருக்கு, அவ்வளவுதான. இருக்கிற கண்ணுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட?" ஆக, கண்ணைக் கும்பிட்டவர்கள் உண்டு, கண்ணிடம் ஜோசியம் பார்த்தவர்கள் உண்டு, கண்ணுக்குச் சட்டம் பேசினவர்கள் உண்டு. அது ஏன் அங்கே போனது என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. கேட்டால், "அதான் தெரியுமே, முகமூடி போடல" என்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம், கொடுத்தது யார், எப்போது, எந்தக் கையால் என்று மேலே கேட்டால், பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் அவர்களுக்கு.

வெயிலுகந்தாள் மட்டும் கேட்டாள். நாற்பத்திரண்டு வருஷமாக ஒரே கேள்வி. கம்பெனி வாசலில், கோயில் கொடை விழாவில், முதலாளி செத்த வீட்டில்கூடப் பந்தலுக்கு வெளியே நின்று கேட்டாள்: "அன்னைக்கு அந்த முகமூடி எங்க இருந்துச்சு?" தெரிந்தவர் இருவர். ஒருவர் பாடையில் போய்விட்டார். இன்னொருவர் சங்கிலிமுத்து.

கம்பெனி மூடினபின் சங்கிலிமுத்துவுக்கு வேறொரு யோகம் அடித்திருந்தது. பாட்டில் சேர்க்கிறவர்கள் தமிழ்நாடு முழுக்கப் பெருகியபோது, மதிப்பு சொல்ல அவரைப் போல் ஆளில்லை என்று ஆகிவிட்டது. அவர் பாட்டிலை முதலில் கண்ணால் பார்க்க மாட்டார். வாய் விளிம்பில் பெருவிரலை ஒரு சுற்றுச் சுற்றுவார், எங்கே சிராய்ப்பு என்று சொல்வார். காதோரம் வைத்து ஆட்டுவார், கோலி கழுத்துக் குழியில் தட்டும் சத்தத்தில் எந்த வருஷத்து வார்ப்பு என்று சொல்வார். அதற்கப்புறம்தான் வெயிலில் பிடித்து, கண்ணாடிக்குள் அகப்பட்ட காற்றுக் குமிழ்களை எண்ணுவார். கோவையிலிருந்து காரில் வந்து நிற்பார்கள். "சங்கிலி அண்ணாச்சி சொல்லிட்டாரு" என்றால் அதற்குமேல் பேரம் கிடையாது. இத்தனை பாட்டிலுக்கு உண்மை சொன்ன மனிதர், வெயிலுகந்தாள் இருக்கும் தெருப் பக்கம் போக வேண்டி வந்தால் ஊருணியைச் சுற்றிக்கொண்டு போவார்.

குற்றாலிங்கம் கண் பாட்டிலை அவர் கையில் கொடுத்த அன்று, தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த வெயிலுகந்தாளுக்கு அவருடைய முகம் திடீரென்று மூக்குக்கு மூக்கு பக்கத்தில் வந்தது. கண்ணாடிக்கு அந்தாண்டை, நரைத்த புருவம், காய்ந்த உதடு. உதடு என்னவோ சொன்னது. என்ன சொன்னது என்பது சாயங்காலம் தெய்வானை வழியாக மூக்கம்மாவுக்கு வந்து, மூக்கம்மா மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னாள்.

"கோலி மாத்துனதாம்ல! ஒரிஜினல் இல்லையாம். இதுக்கு வெலையே கெடையாது, குப்பையில போடுன்னுட்டாராம் அந்த மனுசன்."

வெயிலுகந்தாள் பசைக் கையை முந்தானையில் துடைத்தாள். "கோலிய எப்படி மாத்துவாக?"

சோடாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கோலி உள்ளே போன பிறகுதான் வார்ப்புக்காரன் கழுத்தைச் சூட்டில் நெருக்குவான். அப்புறம் கழுத்தை உடைக்காமல் கோலியை எடுக்கவும் முடியாது, போடவும் முடியாது. வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் குற்றாலிங்கம் நம்பியிருப்பார். வாழ்நாளெல்லாம் பாட்டிலைத் தொட்டவர், பயத்தில், பாட்டிலைத் தொட்டவர் எவரும் சொல்லக்கூடாத பொய்யைச் சொல்லிவிட்டார். குற்றாலிங்கம் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்: அண்ணாச்சி இதை மட்டமாகச் சொல்லி அவரே வாங்கப் பார்க்கிறார், அப்படியென்றால் இது பெரிய சரக்கு. உடனே பெங்களூருக்குப் போன் போட்டார். அங்கேயிருந்து ராவ் என்ற ஒருவர் எட்டு லட்சம் சொன்னார். ஒரே நிபந்தனை, அந்தக் கோலி எப்படி அப்படியானது என்கிற வரலாற்றைச் சொல்லும் மதிப்புச் சீட்டில் சங்கிலிமுத்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

குற்றாலிங்கமே அதைச் சங்கிலிமுத்துவுக்குச் சுலபமாக்கினார், அன்று ஆபீசரிடம் சொன்னதற்கே கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். என்ன எழுத வேண்டும் என்று அவரே எழுதி, ராவ் வருகிற அன்று முற்பகலில், ஹாலில் நின்று, எழுத்து சரியா என்று ஒரு தரம் வாசித்துப் பார்த்தார். அவர் பீரோவுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவருடைய தோளுக்கு மேலே, நடுத்தட்டிலிருந்து, ஐந்தாம் வகுப்புவரை படித்த ஒரு கண் எழுத்துக்கூட்டி வாசித்தது: முகமூடி வழங்கப்பட்டும், அலங்கார ஆசையால் அதை அணிய மறுத்த பணிப்பெண்ணின் கவனக்குறைவால்.

தீப்பெட்டிகள் தரையில் சிதறின. வெயிலுகந்தாள் எழுந்து நடந்தாள். மூக்கம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் பசைக் கையோடு பின்னால் போனார்கள். பெரிய வீட்டு வாசலைத் தாண்டி அவள் உள்ளே போனது அன்றுதான் முதல் தரம், ஆனால் எந்தப் படியில் காரை பெயர்ந்திருக்கிறது என்பதைத் தவிர அந்த மாடியில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

ராவ் சோபாவில் இருந்தார். சங்கிலிமுத்து மேஜை முன்னால், பேனாவைப் பிடித்தபடி. மேஜையில் பாட்டில்.

"யாரு, வெயிலா? வா, வா, உக்காரு" என்ற குற்றாலிங்கம், எதில் உட்காரச் சொல்வது என்று ஹாலைச் சுற்றிப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் நின்றாள்.

"நல்ல நேரத்துக்கு வந்த. உன் கண்ணுக்கு எட்டு லட்சம் சொல்லியிருக்காக தாயி. அதுல ஒண்ணு உனக்கு. என்ன சொல்லுத?"

அவள் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்கு எவ்வளவு தருவாகளாம்?"

"அது ஓடுற வண்டில்லா, அதுக்கு வெல கூட" என்றாள் மூக்கம்மா மாடிப்படியிலிருந்து. தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டாள். ராவ், யாரும் மொழிபெயர்க்காததால், தானும் சிரித்தார்.

"கண்ணு போகட்டும்யா" என்றாள் வெயிலுகந்தாள். "பெங்களூரு நானும் பாத்ததில்ல, பாத்துக்கிடுதேன். அந்தக் காயிதத்துல எழுதியிருக்குல்ல, அது போகக் கூடாது."

"காயிதத்துல என்ன எழுதியிருக்குன்னு உனக்கெப்படி" என்று தொடங்கிய குற்றாலிங்கம், பீரோவைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சங்கிலிமுத்து தலையைத் தூக்கவில்லை. "பழசக் கிளறாத வெயிலு. எல்லாரும் வயசாகி நிக்கோம்."

"பழசுக்குத்தான அண்ணாச்சி வெல போட வந்திருக்கீக."

காலியாக இருந்த பாட்டிலின் அடியில் ஈரம் ஊறத் தொடங்கியது.

"கையெழுத்துப் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், அதச் சொல்லிட்டுப் போடுங்க. அன்னைக்கு அந்த முகமூடி எங்க இருந்துச்சு?"

"முதலாளி சொல்லித்தான் நான் ஆபீசர்ட்ட..."

"முதலாளியக் கேக்கல. அவரு போய்ச் சேந்தாச்சு. ஆபீசரையும் கேக்கல."

"ஆணியில தொங்குச்சு."

"ஆணியிலயா?"

தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது. சங்கிலிமுத்து பழக்கத்தில் பாட்டிலைக் கையில் எடுத்தார். பழக்கத்தில் பெருவிரல் வாய் விளிம்பைச் சுற்றியது. பழக்கத்தில் காதோரம் கொண்டுபோய் ஆட்டினார். கோலி தட்டும் சத்தம் வரவில்லை, தண்ணீர் அலம்பும் சத்தம்தான் வந்தது. வேறு வழியில்லாமல் முகத்துக்கு நேரே பிடித்தார், பாட்டிலில் ஒரு கண், அதற்குப் பின்னால் முழங்கை தூரத்தில் அவள் முகத்தில் ஒரு கண், நாற்பத்திரண்டு வருஷத்தில் முதல் தரமாக அவள் இரண்டு கண்களும் சேர்ந்து அவரைப் பார்த்தன. அவர் தாங்க முடியாமல் பாட்டிலைத் திருப்பினார்.

திருப்பியதும் வெயிலுகந்தாள் தன்னைப் பார்த்தாள். அவள் வீட்டில் கண்ணாடி கிடையாது. பரிசத் தட்டுத் திரும்பிப் போன அன்றே அதைக் கவிழ்த்து வைத்து, பிறகு யாருக்கோ கொடுத்துவிட்டாள். தண்ணீருக்கு அந்தாண்டை ஒரு கிழவி நின்றாள், நெற்றியெல்லாம் வரி, முடி கொட்டி வகிடு அகன்று, வலது பக்கம் இமை ஒட்டிப்போய், பசை காய்ந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு. பத்தொன்பது வயதில் பிரிந்து போன கண் அந்தக் கிழவியை யாரென்று அறியாமல் தேடித் தேடிப் பார்த்தது. அவள் மூக்கில் ஒன்றுமில்லை, துளை தூர்ந்து ஒரு புள்ளியாகக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அது அடையாளம் கண்டுகொண்டது. பாட்டில் நிறைந்தது. கழுத்துவரை ஏறி, கோலியைத் தூக்கிக்கொண்டு, சங்கிலிமுத்துவின் கைவழியே, சட்டைக் கைக்குள், முழங்கைவரை வழிந்தது.

"லீக்கா?" என்றார் ராவ்.

"நீங்க சும்மா இருங்க" என்று தெய்வானை சொன்னாள். அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

குற்றாலிங்கம் காகிதத்தை ஈரம் படாமல் நகர்த்தி வைத்தார். "அண்ணாச்சி, கையெழுத்து மட்டும். இவ்வளவு வருசம் கழிச்சு அது எங்க இருந்தா என்ன? ஆணியில இருந்தா என்ன, அலமாரியில இருந்தா என்ன?"

அவருடைய வாதத்தில் குறை சொல்ல முடியாதுதான். எங்கே இருந்தால் என்ன? போன கண் திரும்பி முகத்தில் ஒட்டாது, வெற்றிலைத் தட்டு திரும்பி வராது, அத்தை மகன் எட்டயபுரத்தில் பேரப்பிள்ளை எடுத்துவிட்டான். ஆனால் ஒரு மனுஷி தன் கண்ணைத் தானே போக்கிக்கொண்டாளா இல்லையா என்பதில், அவளுக்கே சில சமயம், தீப்பெட்டி ஒட்டுகிற நேரத்தில், இத்தனை பேரும் சொல்கிறார்களே, ஒருவேளை கொடுத்தார்களோ, நான்தான் மறந்துவிட்டேனோ, மூக்குத்திதான் காரணமோ என்று சந்தேகம் வந்துவிட்டதே, அந்தச் சந்தேகத்தை யார் வந்து எடுப்பது? அதற்குத்தான் அவள் படியேறி வந்திருந்தாள். வேறு எதற்கும் இல்லை.

"நாலாவது தரம் கேக்கேன் அண்ணாச்சி" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்கு மூணு தரம் கேட்டேன்னு ஒரு ஞாபகம். அது நெசமா, நானா நெனச்சுக்கிட்டதா? முகமூடி எங்க இருந்துச்சு?"

சங்கிலிமுத்து பாட்டிலை மேஜையில் வைக்கவில்லை, அவளிடம் நீட்டவும் இல்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்தார். பேனா உருண்டு கீழே விழுந்தது. எத்தனையோ ஊர்ப் பாட்டிலுக்கு மதிப்புச் சொன்ன குரல் அது, ஹாலில் இருந்தவர்களுக்கும் படியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னது:

"எம்மூஞ்சியில இருந்துச்சு தாயி. நீ கேட்டது நெசந்தான், மூணு தரம் கேட்ட. நீ போட்டுட்டுத் தந்தா அப்புறம் அத நான் போட முடியாதேன்னு, நாந்தான் தரல."